கையால் படித்த சீனம்

1

போன கிழமை பஸ்ஸில் ஒரு சீனத் தாய் இறங்குவதற்கு எழும்பினாள். கூட ஒரு சின்னப் பிள்ளை. அது கம்பியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு நின்றது. தாய் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, "ஷோ" என்றாள்.

நான் என் கையை நீட்டிவிட்டேன்.

பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மா வேறு பக்கம் பார்த்தார். நான் கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஷோ என்றால் சீனத்தில் கை. எனக்குச் சீனம் தெரியாது. தெரிந்தது கொஞ்சச் சொற்கள்தான். எல்லாவற்றுக்குள்ளும் இந்தக் கை இருக்கிறது. அவற்றைச் சொல்லித் தந்தவர் சென் அண்ணை.

ஊரில் எங்கள் சனசமூக நிலையம் மலர் போடுகிறது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதவேண்டும் என்று கேட்டார்கள். கனடாவின் வளம், பண்பாடு, பனி, இப்படி ஏதாவது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வளத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. பனியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். தெரிந்ததை எழுதுகிறேன். விருப்பமென்றால் போடுங்கள்.

2

நான் வேலை செய்வது மொன்றியலில், சென்ட் லோரன்ட் பக்கம். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அனுப்புகிற இடம். ஊரில் யாரும் கேட்டால் "அவர் ஆஸ்பத்திரியில வேலை" என்று மனைவி சொல்வார். முழுப் பொய் இல்லை.

ஊரில் இந்த வேலைக்கென்று ஆட்களை ஒதுக்கி வைத்திருந்தோம். அவர்கள் எங்கள் வீடுகளுக்குப் பின்வாசலால் வந்து போனார்கள். இங்கே நான் முன்வாசலால் அட்டை தட்டிப் போய் அதே வேலையைச் செய்கிறேன். சம்பளமும் தருகிறார்கள், போன்சூர் என்று வணக்கமும் சொல்கிறார்கள். மலரில் இதைப் போடவேண்டாம் என்று மனைவி சொன்னார். போடுங்கள்.

என் இடம் பெரிய இஸ்திரி மெசின். ஒரு அறை அகலம் இருக்கும். உள்ளே உருளைகள் சூடாகச் சுற்றிக்கொண்டிருக்கும். முன்னால் இரண்டு பேர் நிற்கவேண்டும், இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். ஈர விரிப்பை இரண்டு பேரும் மூலையில் பிடித்து, உதறி, விளிம்பை நேராக்கி உருளை வாயில் வைக்கவேண்டும். உருளை துணியைக் கவ்வியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விடவேண்டும். ஒருவர் முந்தினால் துணி கோணிக்கொண்டு போகும். ஒருவர் பிந்தினால் துணியோடு கையும் போகும். உருளைக்கு முன்னால் ஒரு காப்புக் கம்பி இருக்கிறது. கை பட்டால் மெசின் நிற்கவேண்டும். சில வேளை நிற்கும்.

நான் சேர்ந்த நாளில் இடப்பக்கம் நின்றவர் சென். வட சீனாவில் ஏதோ குளிர் ஊர். என்னைவிட ஐந்தாறு வயது கூட. மெசின் சத்தத்தில் காது கேட்காது. அவர் என் முகத்தைப் பார்த்துக் கத்தினார்.

"ஃபாங் ஷோ!"

எனக்கு விளங்கவில்லை. துணியை இறுக்கிப் பிடித்தேன். அவர் எட்டி என் கையில் ஒரு அடி போட்டார். கை விட்டது. துணி உள்ளே போனது.

கையை விடு. அதுதான் அந்தச் சொல். முதல் படித்த சீனம்.

3

நாங்கள் இருவரும் கதைப்பது பிரெஞ்சு. வந்த புதிதில் அரசாங்கம் இலவசமாக வகுப்பு வைத்தது. நான் வேலை முடிந்து போய் வகுப்பில் நித்திரை கொண்டேன். அவரும் அப்படித்தானாம். எங்கள் பிரெஞ்சை ஒரு பிரெஞ்சுக்காரன் கேட்டால் அழுவான். நாங்கள் கதைத்ததை இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் முடிய அவர் என்னைச் சுட்டி, "ஷின் ஷோ" என்றார். புதுக்கை. தன் நெஞ்சைத் தொட்டு, "லாவ் ஷோ" என்றார். பழைய கை. அங்கே வேலை தெரியாதவன் புதுக்கை, தெரிந்தவன் பழைய கை. எவ்வளவு படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது. எனக்கு அது பிடித்தது.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டில் ஒவ்வொன்றாக வந்தது. மயிர்க்கை மயிர்க்கால் என்றால் அவசரக் குடுக்கை, தொட்டதெல்லாம் உடைக்கிறவன். மூன்று கை என்றால் கள்ளன். இரண்டு கை வெளியில் தெரியும், மூன்றாவது உன் பொக்கற்றுக்குள் இருக்கும். குளிர்ப்பெட்டியில் யாரோ ஒருவர் எங்கள் சாப்பாட்டைத் தின்றுகொண்டிருந்த காலத்தில் இந்தச் சொல் நிறையப் பாவித்தோம். கையை வீசிக்கொண்டு திரிகிற கடைக்காரன் என்றால், எல்லா வேலையையும் மற்றவன் தலையில் போட்டுவிட்டுச் சும்மா நடக்கிற முதலாளி. எங்களுக்கு அப்போது அப்படி ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அவர் தூரத்தில் வரும்போதே சென் இரண்டு கையையும் ஆட்டிக் காட்டுவார்.

நானும் சும்மா இருக்கவில்லை. நீங்கள் அதிர்ஷ்டத்தைக் கையின் காற்று என்கிறதை நாங்கள் கைராசி என்போம் என்றேன். கை நீளம் என்றால் எங்களுக்கும் கள்ளன்தான் என்றேன். சமையலுக்குக் கைப்பக்குவம் என்றேன். அவர் ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்ப்பார். "ழ" இல்லாத சொற்களாகத்தான் கொடுத்தேன், பாவம்.

"பெரிய தம்பிக்கு என்ன சொல்வீர்கள்?" என்று ஒரு நாள் கேட்டார். மூத்த சகோதரனைத்தான் கேட்கிறார்.

"அண்ணை."

"நல்லது. இனி என்னை அப்படிச் சொல்."

அன்றிலிருந்து சென் அண்ணை. அவர் எனக்குச் சிவா என்பார். அது என் பெயரில் பாதி. மற்றப் பாதி அவருக்கு வாயில் வரவில்லை.

பிழைகளும் நடந்தன. சத்தத்தில் கை காட்டித்தான் கதைக்கவேண்டும். ஒரு நாள் சென் அண்ணை பெருவிரலையும் சுட்டுவிரலையும் நீட்டிக் காட்டினார். இரண்டு விரல். நான் போய் இரண்டு தள்ளுவண்டி கொண்டுவந்து விட்டேன். அவர் திரும்ப அதையே காட்டினார். நான் இன்னும் இரண்டு கொண்டுவந்தேன். மெசின் துணி இல்லாமல் வெறுமனே சுற்றியது. அவர் தலையில் கை வைத்தார். சீனர் ஒரு கையாலேயே பத்து வரைக்கும் எண்ணுவார்கள். அந்த இரண்டு விரல் எட்டு.

இன்னொன்று. அவர்களின் வருடப் பிறப்புக்கு எனக்கு ஒரு சிவப்பு உறை தந்தார். இரண்டு கையாலும் நீட்டினார். நான் வலக்கையால் வாங்கினேன். அவர் விடவில்லை. உறையின் ஒரு முனை அவரிடம், மறுமுனை என்னிடம்.

"ஒரு கையா? நான் உன் வேலைக்காரனா?"

"எங்களில் வலக்கைதான் மரியாதை, சென் அண்ணை. இடக்கையைச் சேர்க்கக் கூடாது."

"ஏன்? உன் இடக்கை என்ன குற்றம் செய்தது?"

அது காலையில் என்ன வேலை செய்யும் என்று நான் நடித்துக் காட்டினேன். அவர் மேசையில் விழுந்து சிரித்தார். ஆனால் அந்தக் கிழமை முழுக்க என் இடக்கை பிடித்த விரிப்பு மூலையை அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் பார்த்தார்.

4

சென் அண்ணை தனி ஆள். முதல் மனைவி இறந்துவிட்டார். வயது போன நேரத்தில் ஊருக்குப் போய் இன்னொரு கலியாணம் செய்தார். பெயர் மெய். செய்துவிட்டுத் தனியே திரும்பி வந்து, மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார்.

இங்கே கூப்பிடுவது என்றால் இரண்டு அரசாங்கம். மத்தியில் ஒட்டாவாவுக்கும், மாகாணத்தில் கியூபெக்குக்கும். இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்கும். இரண்டுக்கும் வேறு வேறு கடதாசியில் பதில் எழுதவேண்டும். பிறகு கடிதம் வரும், படம் காணாது என்று. அனுப்பினால் வரும், படம் பழசு என்று. எனக்கும் மனைவியைக் கூப்பிட நாலு வருடத்துக்குக் கிட்டப் போனது. அந்தக் காலத்தில் தபால்பெட்டியைத் திறக்கவே கை கூசும். ஆகவே எனக்குச் சொல்லத் தேவையில்லை.

"எங்களுக்குத் தெற்கே கடலுக்கு அப்பால் ஒரு தீவு இருக்கிறது. அங்கே மனைவிக்குக் கைபிடி என்றே பெயர்" என்றார் ஒரு மதியம்.

"நாங்களும் கைப்பிடித்தவள் என்போம்."

"நான் பிடித்தேன். விட்டுவிட்டு வந்தேன்."

சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பினார்.

போன வருடம் கோடை முடிகிற நேரம், அவர் சாப்பாட்டுக் குச்சிகளை விட்டுவிட்டுக் கரண்டியால் சாப்பிடுவதைக் கண்டேன். முதலில் பல்லுக் கொதி, மெல்ல ஏலாது என்றார். பிறகு ஒரு நாள் கரண்டியும் இல்லை. சோற்றைக் கையால் அள்ளினார்.

"பார், நானும் தமிழன்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் அள்ளிய சோறு வாய்க்குப் போக முன்னம் பாதி விழுந்தது. வலக்கை விரல்கள் சேரவில்லை. நான் சிரிப்பை நிறுத்தினேன்.

"எவ்வளவு நாளாய்?"

"கொஞ்ச நாள்."

"டாக்குத்தரிட்டக் காட்டினீங்களே?"

"காட்டினால் எழுதுவார். எழுதினால் மார்த்தினுக்குத் தெரியும்."

மார்த்தின் எங்கள் புதிய மேற்பார்வையாளர். கியூபெக் பெண். கையை வீசிக்கொண்டு திரிகிறவர் அல்ல. எல்லாவற்றையும் பார்ப்பார்.

"தெரிந்தால் வீட்டுக்கு அனுப்புவார். வேலை இல்லை என்றால் மெய்யின் கோப்பு முடிந்தது. வேலைக் கடிதம் கேட்டிருக்கிறார்கள்" என்றார். பிறகு இடக்கையால் என் முழங்கையைப் பிடித்தார். "சிவா. வசந்தம் வரைக்கும். அதற்குள் அவள் வந்துவிடுவாள்."

நான் ஓம் என்றேன்.

5

ஓம் என்று சொல்வது சுகம். செய்வதுதான் வேலை.

அவர் பக்கத்து விளிம்பையும் நானே இழுத்து நேராக்கப் பழகினேன். கொஞ்சம் நடுவுக்கு நகர்ந்து நின்றேன். முன்பு விடச் சொல்லிக் கத்துகிறவர் அவர். இப்போது நான் கத்தினேன், ஒரு மூச்சு முந்தி. அவர் கை கேட்க நேரம் எடுத்தது. சொன்னது காதுக்குப் போகும், காதிலிருந்து கைக்குப் போக வழியில் எங்கேயோ நிற்கும். விரிப்புகள் கோணலாகப் போயின. மறுபக்கம் மடிக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள்.

ஒரு நாள் காலை ஒரு பெரிய விரிப்பு. ஈரம் கூட. நான் கத்தினேன். நான் விட்டேன். அவர் பக்கம் துணி இழுபட்டது. அவர் விரலில் மூலை சுற்றியிருந்தது. அவர் அதை உணரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அடுத்ததை எடுக்கலாம் என்பதுபோல. கை உருளைக்குப் போய்க்கொண்டிருந்தது. கம்பியில் பட்டது. மெசின் நிற்கவில்லை.

நான் மேலே தொங்குகிற சிவப்புக் கயிற்றை இழுத்தேன்.

எல்லாம் நின்றது. அந்தக் கட்டடத்தில் சத்தம் இல்லாமல் இருந்ததை அன்றுதான் கேட்டேன். சென் அண்ணையின் விரல் நுனிகள் சிவந்திருந்தன. அவ்வளவுதான். அவர் அதைக் குனிந்து பார்த்தார், யாருடையதோ கை என்பதுபோல.

மார்த்தின் வந்தார். "என்ன நடந்தது?"

"நான்தான். முந்தி விட்டுவிட்டேன்" என்றேன்.

"நீயா?"

"நான்."

கம்பியைத் திருத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார். இவ்வளவு வருடத்தில் முதல் கடிதம். பின்னேரம் என்னை மெசினிலிருந்து எடுத்து மடிக்கிற மேசையில் போட்டார். என் இடத்துக்கு றோஸ் என்கிற ஹெயிட்டிப் பெண்ணை விட்டார். வந்து ஒரு மாதம்கூட இல்லை. நல்ல மனுசி, பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்வார். புதுக்கை.

நான் மறைத்தது சென் அண்ணையைக் காப்பாற்ற. இப்போது அவருடைய கை நிலைமை தெரியாத ஒருத்தியை அவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

6

அன்றிரவு சாப்பாட்டில் சொன்னேன். சொல்லியிருக்க மாட்டேன். கடிதத்தை மகள் கண்டுவிட்டாள்.

மனைவி கமலா கோப்பையை வைத்துவிட்டு நின்றார்.

"உங்களுக்கென்ன விசரே? பிழை விட்டது அந்தாள். பழி ஏன் உங்களுக்கு?"

"அந்தாளின்ர மனிசி வரவேணும்."

"வரட்டும். வாற மனிசி பிடிக்கிறதுக்குக் கை இருக்கவேணுமே?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

மகள் அபி. இருபத்தைந்து வயது. எங்களோடுதான் இருக்கிறாள், ஆனால் போனோடு இருக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அதில் எனக்குப் பாதி விளங்கும். நான் விளங்காததைக் கேட்பதில்லை. அவளும் திரும்பச் சொல்வதில்லை. இப்படியே பத்து வருடம் போய்விட்டது. அன்றைக்குத் தமிழில் சொன்னாள். சொல்லைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"அப்பா, நீங்கள் அவருக்கு உதவி செய்யேல்ல. மறைக்கிறீங்கள். அது வேற."

"வேலை போனா அவருக்கு எல்லாம் போச்சு, பிள்ளை."

"போகாது. கை ஏலாட்டி வேற வேலை குடுக்கவேணும். இஞ்ச சட்டம் இருக்கு."

"உனக்கு ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும் அப்பா. உங்களுக்கும் அவருக்கும்தான் தெரியாது. நீங்கள் ரெண்டு பேரும் உங்களுக்குள்ளதான் கதைக்கிறனீங்கள்."

"சட்டம் எண்டு சொல்லுவினம். நாங்கள் கண்ட சட்டம் எங்களுக்குத் தெரியும்."

"அது அங்க."

கமலா குறுக்கே வந்தார். "இஞ்சேருங்கோ. ஒண்டில் போய்ச் சொல்லுங்கோ. இல்லாட்டி அந்தப் பாட்டுப் பாடுற மனுசியிட்டயாவது சொல்லுங்கோ. நாளைக்கு ஏதும் நடந்தா நீங்கள் இந்த வீட்டில சோறு தின்னமாட்டியள். எனக்கு உங்களைத் தெரியும்."

அபி மேசையை விட்டு எழும்பும்போது என் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனாள். அவள் அப்படி எடுப்பதில்லை.

ஊரில் மற்றவன் அலுவலில் கை வைக்காதே என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். சண்டைக் காலத்தில் அது இன்னும் கூடியது. கண்டதைச் சொல்லாதே, கேட்டதைச் சொல்லாதே. ஒருவரைப் பற்றி மேலிடத்தில் சொல்வது என்றால் அதற்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எடுத்தவர்கள் பிறகு வீடு திரும்பியதில்லை. அதை மறக்க எனக்கு ஏலாது. மகளுக்கு அதைத் தமிழிலும் சொல்ல ஏலாது, பிரெஞ்சிலும் சொல்ல ஏலாது.

7

காலையில் போனேன். மெசின் சூடாகிக்கொண்டிருந்தது. சென் அண்ணை இடப்பக்கம், றோஸ் வலப்பக்கம். இன்னும் துணி எடுக்கவில்லை.

"வாங்கோ" என்றேன். தமிழில்தான் வாயில் வந்தது.

அவருக்கு விளங்கிவிட்டது. "சா ஷோ வேண்டாம்" என்றார். கையை உள்ளே விடாதே என்று அர்த்தம். நாங்கள் கை வைக்காதே என்கிற அதே இடத்தில் அவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

"நான் உள்ளே விட்டுவிட்டேன், சென் அண்ணை. நேற்றே. நான்தான் பிழை என்று சொன்னபோதே."

"வசந்தம் வரைக்கும் என்றாய்."

"ஓம் என்றேன். ஏலாது."

நான் அவருடைய வலக்கையைப் பிடித்தேன். ஈரத்துணி மாதிரி இருந்தது. பாரம், உயிர் இல்லை. பிடித்துக்கொண்டு நடந்தேன். மெசினிலிருந்து மார்த்தினின் அறைக்கு முழுத் தளத்தையும் கடக்கவேண்டும். இந்த ஊரில் இரண்டு ஆம்பிளைகள் கைகோத்து நடந்தால் பார்ப்பார்கள். பார்த்தார்கள். யாரோ சீட்டி அடித்தான். நான் நிற்கவில்லை.

அவர் கையை இழுக்கவில்லை. இழுக்கப் பலம் இல்லையா, மனம் இல்லையா, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

மார்த்தின் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நேற்றுப் பிழை விட்டது நான் இல்லை. அவரும் இல்லை. இந்தக் கை" என்றேன். அவர் கையை மேசையில் வைத்தேன். மார்த்தினின் பேனையை எடுத்து அந்த விரல்களுக்கு நடுவில் வைத்தேன்.

பேனை விழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

மார்த்தின் எழும்பிக் கதவைச் சாத்தினார். சென் அண்ணையை இருக்கச் சொன்னார். எப்போதிருந்து, நோவு இருக்கிறதா, கழுத்து எப்படி என்று மெதுவாகக் கேட்டார். சென் அண்ணை யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"என் மனைவி வருகிற வழியை நீ மூடினாய்" என்றார்.

நான் வேலைக்குத் திரும்பிப் போனேன். மெசினில் இடப்பக்கம் காலியாக இருந்தது. றோஸ் பாடவில்லை.

8

கழுத்தில் நரம்பு நெரிபட்டிருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஒப்பரேசன் செய்தார்கள். இன்னும் தள்ளிப்போயிருந்தால் மற்றக் கையும் போயிருக்குமாம். இதை எனக்குச் சொன்னது மார்த்தின். சென் அண்ணை எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வேலை போகவில்லை. அபி சொன்னதுதான் நடந்தது. வாசலில் வருகிற மூட்டைகளில் ஒட்டியிருக்கிற கோட்டுப் பட்டியை ஒரு சின்னக் கைமெசினால் தொட்டுப் பதிகிற வேலை கொடுத்தார்கள். இடக்கை போதும். மணித்தியாலம் குறைவு. வேலைக் கடிதத்தை மார்த்தினே எழுதி ஒப்பம் வைத்தார். எனக்குத் தந்த எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழித்தார். மகளிடம் சொன்னேன், நீ சொன்னது சரி என்று. அவள் போனைப் பார்த்தபடி, "தெரியும்" என்றாள். தமிழில்.

என்னைத் திரும்ப மெசினில் விட்டார்கள். றோஸ் இடப்பக்கம் மாறினார். விடுகிற நேரம் அவர் பிரெஞ்சில் கத்துவார். கெதியில் பழகிவிட்டார். நல்ல கை.

தினமும் காலை அந்த வாசலால்தான் உள்ளே போகவேண்டும். நான் "சென் அண்ணை" என்பேன். அவர் பட்டியைத் தொடுவார். மெசின் கீச்சென்று சத்தம் போடும். அதுதான் பதில். மதியம் அவர் வேறு மேசையில் தனியே இருந்தார். பனிக்காலம் முழுக்க இப்படிப் போனது. நான் கோபிக்கவில்லை. ஒருவருக்கு நல்லது செய்தேன் என்று நினைத்துக்கொண்டு அதற்கு நன்றியும் எதிர்பார்த்தால், பிறகு அது என்ன நல்லது? இப்படிச் சொல்கிறேன். ஆனால் மதியம் சாப்பாடு இறங்கவில்லை. யாரும் புதுச் சொல் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

பனி உருகி, தெருவெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு நாள் அவர் என் மேசைக்கு வந்தார். ஒரு துண்டுக் கடதாசியை வைத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரோசார்ட்டில் ஒரு முகவரி. அறையை விட்டு வீடு எடுத்திருக்கிறார்.

"ஞாயிறு. பின்னேரம். மனைவியோடு" என்றார். போய்விட்டார்.

யாருடைய மனைவி என்று கேட்கவில்லை. அவர் நடந்த நடையில் தெரிந்தது.

9

"வெறுங்கையோட போறதே?" என்று கமலா இரண்டு நாள் இருந்து பயத்தம் பணியாரம் சுட்டார். மெட்ரோவும் ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

கதவைத் திறந்தது மெய். ஒல்லியான பெண், கட்டையாக வெட்டிய தலைமயிர். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. கமலாவுக்கும் அநேகமாக அப்படித்தான். இரண்டு பேரும் பணியாரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவர் மற்றவரின் மோதிரத்தைப் பார்த்து, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். எங்களைவிட நன்றாகக் கதைத்தார்கள்.

சென் அண்ணை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். கழுத்துக்குப் பின்னால் வெட்டிய தழும்பு தெரிந்தது. நான் கையைப் பற்றிக் கேட்கவில்லை. வீடு நல்லது என்றேன். ஓம் என்றார். வெளிச்சம் வருகிறது என்றேன். அதற்கும் ஓம்.

மெய் தேநீர் கொண்டுவந்து வைத்தார். மண்நிறக் கெண்டி, நாலு சின்னக் கிண்ணம். ஊற்றக் குனிந்தார். சென் அண்ணை சீனத்தில் ஒரு சொல் சொன்னார். எனக்குத் தெரிந்த சொல் இல்லை. மெய் கெண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

சென் அண்ணை வலக்கையை நீட்டினார்.

விரல்கள் ஒவ்வொன்றாகக் கைபிடிக்குள் போயின. சின்னவிரல் போகவில்லை. அதை வெளியில் விட்டுவிட்டுத் தூக்கினார். கெண்டி ஆடியது. மூடி கடகடத்தது. கமலாவின் கை தானாக எழும்பியது. நான் மேசைக்குக் கீழே அவரின் முழங்காலைப் பிடித்தேன். எழும்பிய கை இறங்கியது. மெய் தன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு கணவனின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கிண்ணம் எனக்கு. தேநீர் கிண்ணத்திலும் விழுந்தது, தட்டிலும் விழுந்தது, மேசையிலும் விழுந்தது. கிண்ணம் நிரம்ப நேரம் எடுத்தது. வெளியில் ஒரு கார் வந்து நின்று, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

நிரம்பியது. சென் அண்ணை கெண்டியை வைக்கவில்லை. பிடித்தபடியே என்னைப் பார்த்தார். பனி முழுக்கப் பார்க்காத கண்.

"குடி" என்றார்.

மேசையில் சிந்தியது ஓடிவந்து விளிம்பில் நின்று, என் காற்சட்டையில் சொட்டத் தொடங்கியது. நல்ல சூடு. நான் அசையாமல் கிண்ணத்தை எடுத்துக் குடித்தேன்.

அவர் கமலாவின் கிண்ணத்துக்குப் போனார்.